தாத்தாவின் ஹெரால்டுக்குச் சின்ன ஸ்டீயரிங் மாட்டலாமா?

மேடவாக்கம் பேரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா 1967இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு கார், ஊரில் மாட்டுத் தொழுவத்தில் தார்ப்பாய்க்கு அடியில் பத்து ஆண்டுகளாகக் கிடந்தது. போன பொங்கலுக்கு அதை லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். பிரேக், கார்புரேட்டர், வயரிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது. வண்டி ஓடுகிறது. மிச்சம் இருப்பது ஸ்டீயரிங் ஒன்றுதான்.

கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் வெளிறிச் சாம்பல் நிறமாகிவிட்டது. ஆரக்கால் வளையத்தோடு சேரும் இடங்களில் எல்லாம் வெடிப்பு. ஒரு வெடிப்பில் நாணயத்தைச் செருகினால் விழாமல் நிற்கிறது. உள்ளே துருவேறிய இரும்புக் கம்பி தெரிகிறது. வளையம் என் பெருவிரல் பருமன்கூட இல்லை, ஆனால் குறுக்கே அளந்தால் 16 அங்குலம். ஏறி உட்காரும்போதெல்லாம் தொடையில் இடிக்கிறது. தினமும் அலுவலகத்துக்கு ஓட்டும் என் காரில் அளந்தேன், 14½ அங்குலம்தான். அதன் வளையம் இரண்டு மடங்கு தடிமன், பிடித்தால் கை நிறைகிறது.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் 13 அங்குலத்தில் தோல் போர்த்திய ஸ்டீயரிங் பார்த்தேன். மூன்று ஆரக்கால், நடுவில் மஞ்சள் ஹார்ன் பொத்தான். அதைத் தண்டோடு பொருத்தும் நடுத்துண்டையும் (பாஸ் என்கிறார்கள்) சேர்த்துக் கொடுப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? அதோடு இன்னொரு சந்தேகம். அந்தக் காலத்தில் ஏன் இவ்வளவு பெரியதாக, இவ்வளவு ஒல்லியாகச் செய்தார்கள்? எப்போது, எதனால் இது மாறியது?

ஒரு சின்ன விஷயம், சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. வளையத்தின் கீழ்ப்பாதியில் வலது பக்கம், வெளியே அல்ல, உட்புறத்தில், நெல்மணி அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. தாத்தா வலது கையில் மோதிரம் போட்டிருப்பார் என்று அப்பா சொல்கிறார்.

வேளச்சேரி வேகம்

யோசிக்காமல் மாட்டுங்கள். என் பழைய ஜீப்புக்கு 12 அங்குலம் மாட்டி நான்கு வருடம் ஆகிறது. பெரிய ஸ்டீயரிங் எல்லாம் அந்தக் காலத்து நாகரிகம், அவ்வளவுதான். மீசை மாதிரி. சின்னதாக இருந்தால் வண்டியும் சட்டென்று திரும்பும். பழையதைக் கழற்றிச் சுவரில் மாட்டி, நடுவில் ஒரு கடிகாரம் வைத்துவிடுங்கள், அழகாக இருக்கும்.

பழைய பட்டறை

தம்பி, வேளச்சேரிக்காரர் பேச்சைக் கேட்டு இப்போதே நட்டைக் கழற்றிவிடாதீர்கள். அவர் மீசை என்கிறார். மீசைக்கு வேலை எதுவும் கிடையாது, அந்த 16 அங்குலத்துக்கு வேலை இருந்தது. நான் 1968இல் பதினான்கு வயதில் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் ஸ்பேனர் துடைக்கச் சேர்ந்தவன். ஹெரால்டும் என் கைக்கு நிறைய வந்திருக்கிறது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தாத்தாவின் மோதிரம். சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்கள். முழுக் கதையும் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. சாதாரணமாக ஓட்டுகிறவர் வளையத்தை வெளியிலிருந்து பிடிப்பார், மோதிரம் வெளிப்புறத்தில் உரசும். உட்புறத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது என்றால், உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பி, வட்டத்துக்குள் கையை விட்டு, கிணற்றில் வாளி இழுப்பது போல இழுத்து ஒடித்திருக்கிறார். நின்ற இடத்தில் வண்டியைத் திருப்பும்போது எல்லாரும் செய்தது அது. பலம் போதாதபோது உடம்பு தானாகக் கண்டுபிடிக்கும் வழி.

எவ்வளவு பலம் வேண்டும் என்று நானே ஒருமுறை அளந்திருக்கிறேன். வளையத்தின் மேல் கயிற்றைச் சுற்றி, நுனியில் பழைய பேப்பர்காரரின் கொக்கித் தராசை மாட்டி, அதைப் பிடித்து இழுக்க வேண்டும். சிமெண்டுத் தரையில், நின்ற இடத்தில், ஒரு ஹெரால்டுக்கு முள் 13 கிலோவைத் தொட்ட பிறகுதான் சக்கரம் அசைந்தது. அதே வண்டிக்கு 13 அங்குலம் மாட்டினால்? கணக்கு எளிது. விட்டம் எந்த அளவு குறைகிறதோ அந்த அளவு கையின் சுமை ஏறும். 13 கிலோ 16 கிலோ ஆகிவிடும். அரிசி மூட்டையைத் தூக்குகிறவருக்கு 3 கிலோ பெரிதல்ல. மாம்பலத்தில் ஒரு சந்துக்குள் ஏழு முறை முன்னும் பின்னும் ஒடித்து வண்டியை நிறுத்துகிறவருக்கு அது தோள்பட்டை வலி.

என் தாய்மாமன் அரசுப் பேருந்து ஓட்டினார். அந்த பஸ்ஸின் ஸ்டீயரிங்கை நான் முதன்முதலில் பார்த்தபோது கல்யாண வீட்டுத் தாம்பாளம் என்று நினைத்தேன். கிட்டத்தட்டக் கிடையாகப் படுத்திருக்கும். திருப்பத்தில் மாமா இருக்கையை விட்டு எழுந்து, மொத்த உடம்பையும் அதன் மேல் சாய்த்து ஒடிப்பார். அன்றைக்கு ஸ்டீயரிங்கின் அளவை நிர்ணயித்தது மனிதனின் தோள்.

இனி தொடக்கத்துக்குப் போகலாம். கார் பிறந்தபோது அதில் வட்டமே கிடையாது. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியைத் திருப்ப ஒரு கைப்பிடிதான் இருந்தது. பிறகு வந்த பல வண்டிகளிலும் படகின் சுக்கான் கட்டை போன்ற ஒன்றுதான். எமில் லெவசோர் என்ற பிரெஞ்சுக்காரர் 1895இல் பாரிஸிலிருந்து போர்டோவுக்குப் போய்த் திரும்பிய பந்தயத்தில் 1,178 கிலோமீட்டரை 48 மணி 48 நிமிடத்தில் முடித்தது அந்தக் கட்டையைப் பிடித்துக்கொண்டுதான். இரண்டு பகல், இரண்டு இரவு. கட்டையில் என்ன சிக்கல் என்றால், சக்கரம் ஒரு கல்லில் மோதினால் அந்த அடி நேராகக் கைக்கு வந்துவிடும். கை விலகினால் வண்டியும் விலகும். அடுத்த ஆண்டே பாரிஸ்–மார்சேய் பந்தயத்தில் அவருடைய வண்டி கவிழ்ந்தது. அடிபட்ட அவர் 1897இல் இறந்துபோனார்.

வட்டம் அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டது. 1894 பாரிஸ்–ரூவான் ஓட்டத்தில் ஆல்ஃபிரெட் வாஷெரோன் என்பவர் தன் பன்ஹார் வண்டியில் வட்ட ஸ்டீயரிங் வைத்திருந்தார். 1898இல் அதே பன்ஹார் கம்பெனிக்காக அர்த்தர் க்ரெப்ஸ், பாரிஸ்–ஆம்ஸ்டர்டாம் பந்தய வண்டியில் கட்டையை எடுத்துவிட்டு, சாய்ந்த தண்டின் மேல் வட்டத்தைப் பொருத்தினார். வட்டம் ஓட்டுநரின் நெஞ்சைப் பார்த்து நிமிர்ந்தது. ஓட்ட வசதிதான். ஆனால் அந்தத் தண்டின் இன்னொரு முனை எங்கே பார்க்கிறது? வண்டியின் மூக்கை. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறது.

வட்டம் வந்ததும் பெரிதாகத்தான் இருந்தது, ஏனென்றால் கைக்கு வேறு உதவி இல்லை. ஃபோர்டு மாடல் டி வண்டியில் (1908) ஸ்டீயரிங்குக்கு நேர் கீழேயே சின்னப் பற்சக்கரப் பெட்டி ஒன்று வைத்துப் பலத்தைப் பெருக்கினார்கள். அதே இடத்தில் இடது பக்கம் தீப்பொறி விழும் நேரத்தை முன்பின் நகர்த்த ஒரு நெம்புகோல், வலது பக்கம் ஆக்ஸிலரேட்டருக்கு ஒரு நெம்புகோல். இன்றைக்கு ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பொத்தான் வைத்துவிட்டு ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி விளம்பரம் செய்கிறார்கள். நூறு ஆண்டுக்கு முன்பே அங்கே கூட்டம்தான். நம் ஊர் அம்பாசடரிலும் ஃபியட்டிலும் கியரே அங்கேதான் இருந்தது. ஹேண்ட் கியர் என்போம். முன் சீட்டில் மூன்று பேர் உட்காரலாம், நடுவில் இருப்பவர் முழங்காலில் கியர் இடிக்காது. உங்கள் ஹெரால்டுக்குத் தரையில் கியர், அதனால் தண்டு சுத்தமாக இருக்கும்.

ஒல்லி வளையத்துக்கு வருகிறேன். உள்ளே இரும்புக் கம்பி, மேலே கடின ரப்பரோ பிளாஸ்டிக்கோ வார்த்து ஊற்றியது. பெரிய வட்டத்தை ஒடிக்கும்போது கை வளையத்தின் மேல் வழுக்கி ஓட வேண்டும், விரல்கள் முழுதாகச் சுற்றிப் பற்ற வேண்டும். ஒல்லியாக இருந்தால் இரண்டும் நடக்கும். வெயிலில் அந்தப் பிளாஸ்டிக் சுருங்கும், இரும்பு சுருங்காது. வெடிப்பு ஆரக்கால் சேரும் இடத்தில் விழுவதற்குக் காரணம் அதுதான். அந்த வெடிப்பை மறைக்கத்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் ஒயர் கூடை பின்னும் ஒயரைக் கொண்டுவந்து ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பின்னச் சொல்லுவார்கள். பச்சையும் மஞ்சளும். நான் நன்றாகவே பின்னுவேன்.

கையின் வேலையை எடுத்துக்கொண்டது பவர் ஸ்டீயரிங். ஃபிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1926இலேயே ஒரு பியர்ஸ்-ஆரோ காரில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடும் பவர் ஸ்டீயரிங்கைப் பொருத்தி ஓட்டிக் காட்டிவிட்டார். கார் கம்பெனிகள் செலவுக் கணக்குப் பார்த்து இழுத்தடித்தன. போர்க்கால ராணுவ வண்டிகளில் பயன்பட்டு, கடைசியில் 1951 கிறைஸ்லர் இம்பீரியலில்தான் கடைக்கு வந்தது. கால் நூற்றாண்டு! பிறகு மின் மோட்டார் உதவும் வகை வந்தது. 1988இல் ஜப்பானில் சுசூகி செர்வோ என்ற குட்டிக் காரில் முதலில் வைத்தார்கள். உங்கள் அலுவலகக் காரில் இருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். தோளின் வேலை போனதும் வட்டம் சுருங்கியது. வழுக்கி ஓட வேண்டிய அவசியம் போனதும் வளையம் தடித்தது. அழகு பார்த்து எவரும் குறைக்கவில்லை.

சரி, அந்தத் தண்டு. பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவர், எனக்குப் பத்து வயது மூத்தவர், ஒரு வாடிக்கையாளரின் காரைச் சோதித்துப் பார்க்க எடுத்துப் போனார். என்ன வண்டி என்பது இப்போது வேண்டாம். செங்கல்பட்டுச் சாலையில் ஒரு புளியமரம். வேகம் ஒன்றும் பெரிதல்ல. முன்பக்கம் ஒரு முழம்தான் நசுங்கியது. ஆனால் ஸ்டீயரிங் பெட்டி பின்னால் வந்தது, ஒரே இரும்பாக இருந்த தண்டும் அதோடு பின்னால் வந்தது. ஆள் பிழைத்தார். விலா எலும்பு நான்கு போய்விட்டது, அதற்குப் பிறகு கனமான எதையும் தூக்கவில்லை. அந்தத் தண்டைக் கழற்றியவன் நான். அது வளையவே இல்லை. திரும்பவும் மாட்டலாம் போல நேராக இருந்தது.

க்ரெப்ஸ் சாய்த்த அந்த ஈட்டியை மழுங்கடிக்க உலகம் அறுபது, எழுபது ஆண்டு எடுத்துக்கொண்டது. 1955 சிட்ரோயன் டிஎஸ் காரில் ஒற்றை ஆரக்கால்தான், மோதினால் ஓட்டுநர் அதில் குத்துப்படாமல் வழுக்கி விலகட்டும் என்ற யோசனை. 1956இல் ஃபோர்டு தன் வண்டிகளின் ஸ்டீயரிங்கைக் குழித்தட்டு போல ஆக்கியது. நடு மையம் உள்ளே தள்ளி இருக்கும், நெஞ்சு முதலில் வளையத்தில் படும். ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்களில் மோதினால் தானே மடங்கிச் சுருங்கும் தண்டு வைத்தது. 1968 முதல் அமெரிக்காவில் அது சட்டமே ஆனது.

இப்போது கவனியுங்கள். உங்கள் ஹெரால்டு இங்கிலாந்தில் டிரையம்ஃப் என்ற பெயரில் வெளிவந்தது 1959 ஏப்ரலில். அதிலேயே தண்டு இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய், தொலைநோக்கிக் குழல் மாதிரி. நடுவில் ஒரு கிளாம்ப் இரண்டையும் பிடித்திருக்கும். அதைத் தளர்த்தி ஸ்டீயரிங்கை முன்பின் நகர்த்திக்கொள்ளலாம். பலமாக மோதினால் கிளாம்ப் நழுவி ஒரு குழாய் இன்னொன்றுக்குள் போய்விடும். அமெரிக்கச் சட்டத்துக்குப் பல ஆண்டு முந்தியே, நம் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த எளிய வண்டியின் அடியில் அது இருந்தது. என் கைக்கு வந்த ஹெரால்டு எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன். ஆகவே தம்பி, வட்டத்தை விடுங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்து அந்தக் கிளாம்பைப் பாருங்கள். ஆட்டம் வருகிறது என்று வாடிக்கையாளர் புகார் சொன்னால், கிளாம்பைச் சரிசெய்யப் பொறுமை இல்லாத பட்டறைகள் அந்த இடத்தில் வெல்டு வைத்து மூடிவிடுவது உண்டு. வெல்டு வைத்துவிட்டால் இரண்டு குழாயும் ஒரே ஈட்டி.

ஸ்டீயரிங்குக்கு என் பதில்: பழையதையே செப்பனிடுங்கள். வெடிப்பை ரம்பத்தால் ‘வி’ வடிவில் அகலப்படுத்தி, கம்பியின் துருவைத் தேய்த்து எடுத்து, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸியைக் கொஞ்சம் கூடுதலாகவே அடையுங்கள். ஒரு நாள் முழுதும் காயட்டும். 120இல் தொடங்கி 400 எண் உப்புத்தாள் வரை தேய்த்துவிட்டுப் பெயிண்ட். பொறுமை இருந்தால் ஒரு வாரம், இல்லாவிட்டால் ஒரு மாதம்.

எல் போர்டு அக்கா

ஐயாவின் பதிலைப் படித்ததும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதினாறு ஆண்டுகளாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். உள்ளே கையை விட்டு இழுக்கும் அந்தப் பழக்கம், தாத்தாவின் ஹெரால்டில் தேவையாக இருந்தது, சரி. ஆனால் இன்றைய காரில் அதைச் செய்யும் பெரியவர்களை வாரத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். அப்பாவிடம் வீட்டில் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகளும் அப்படியே செய்கிறார்கள்.

இப்போது ஸ்டீயரிங்கின் நடுவில் இருப்பது ஏர்பேக். மெர்சிடிஸ் 1981இல் எஸ் கிளாஸ் காரில் கொடுக்கத் தொடங்கியது. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் எல்லாப் புதிய கார்களிலும் ஓட்டுநர் பக்கம் கட்டாயம். கண் இமைப்பதற்குள் விரிந்துவிடும். அந்த நேரத்தில் கை வட்டத்துக்குள்ளே இருந்தாலோ, நடுவில் குறுக்கே கிடந்தாலோ, முன்கை எலும்பு போய்விடும், அல்லது சொந்தக் கையே முகத்தில் வந்து அறையும். அதனால்தான் கடிகாரத்தில் பத்தும் இரண்டும் என்று அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்ததை மாற்றி, ஒன்பதும் மூன்றும் என்று சொல்லிக்கொடுக்கிறோம். பத்தும் இரண்டும் பெரிய வட்டத்துக்கு ஏற்றது, மேலிருந்து கீழே இழுக்கத் தோளுக்கு வசதி. பவர் ஸ்டீயரிங்குக்கு அது வேண்டியதே இல்லை.

ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் பயிற்சிக் காரில் ஒரு பட்டறையில் ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டிய பிறகு ஹார்ன் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கும் அணையாமல் எரிகிறது. பேட்டரியை மாற்றச் சொல்லுகிறார்கள். சரிதானா?

பழைய பட்டறை

அம்மா, பேட்டரிக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஸ்பைரல் கேபிள் என்று ஒன்று இருக்கிறது. பட்டையான மெல்லிய கேபிள், கொசுவத்திச் சுருள் மாதிரி ஒரு பெட்டிக்குள் சுற்றியிருக்கும். ஸ்டீயரிங் சுற்றும்போது சுருள் இறுகும், தளரும், மின்சாரம் அறுபடாது. ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் பொத்தான்களுக்கும் அதுதான் பாதை. கழற்றி மாட்டும்போது சக்கரத்தை நேராக வைத்து, சுருளையும் சரிபாதியில் நிறுத்தி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் முழு ஒடிப்பிலேயே பிய்ந்துவிடும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். ஏர்பேக் பகுதியைக் கழற்றத் தெரிந்தவரிடம் மட்டும் போங்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருக்காமல் கை வைக்கிறவர் என்றால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஹெரால்டில் இதே வேலையை ஒரு பித்தளைக் குச்சி செய்தது. கெட்டுப்போனால் உப்புத்தாளில் இரண்டு தேய்ப்பு. அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்து ஒஸ்டின்

வணக்கம். நாங்கள் இங்கே இதைச் சுக்கான் என்றுதான் சொல்வோம், ஸ்டீயரிங் என்று சொல்வது குறைவு. ஐயா எழுதிய படகுக் கட்டைக் கதையை வாசித்த பிறகு, எங்கள் சொல்தான் மூத்த சொல் என்று ஒரு பெருமை வந்துவிட்டது.

என் தகப்பனார் ஒஸ்டின் ஏ40 வாடகைக்கு ஓடியவர். பழைய ஒஸ்டினும் மொரிஸும் எங்கள் ஊரில் எவ்வளவு காலம் ஓடின என்பது இங்கே வந்துபோனவர்களுக்குத் தெரியும். புதுக் கார் இறக்குமதி இல்லாத காலம், உதிரிப்பாகமும் இல்லை, இருந்ததைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். அப்பா எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், பெருவிரலைச் சுக்கானுக்கு உள்ளே மடக்காதே என்பது. நான்கு விரலோடு சேர்த்து வெளியே வைக்க வேண்டும். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் சுக்கான் தானாக வெட்டித் திரும்பும், ஆரக்கால் வந்து பெருவிரலில் அடிக்கும். மாங்குளம் தாண்டிய வீதியில் எனக்கு அது நடந்திருக்கிறது. இரண்டு கிழமை பேனை பிடிக்க முடியவில்லை. சின்னச் சுக்கான் போட்டால் அந்த வெட்டு இன்னும் பலமாகக் கைக்கு வரும், தம்பி இதையும் யோசிக்க வேண்டும்.

வேளச்சேரி வேகம்

ஐயா, மீசை என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் ஜீப்பை நிறுத்தும்போது மனைவியை இறங்கச் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் தொங்குவது உண்மைதான். ஆனால் ஒரு கேள்வி, வட்டமாகத்தான் இருக்க வேண்டுமா? டெஸ்லா விமான ஸ்டீயரிங் மாதிரி மேல்பாதியே இல்லாமல் செய்ததே?

பழைய பட்டறை

செய்தார்கள், 2021இல் மாடல் எஸ் காரில். பிறகு வட்டத்தையும் விற்க வேண்டி வந்தது. அதற்கு வெகு முன்னால் 1973இல் இங்கிலாந்தில் ஆஸ்டின் அலெக்ரோ காருக்குச் சதுரமும் வட்டமும் கலந்த ஒன்றை வைத்து, எல்லாரும் சிரிக்க, இரண்டு ஆண்டில் வட்டத்துக்கே திரும்பினார்கள். காரணம் ஒன்றுதான். ஸ்டீயரிங்கை ஒரு சுற்றுக்கு மேல் ஒடிக்க வேண்டிய வண்டியில், கை எந்த இடத்தில் விழுந்தாலும் அங்கே வளையம் இருக்க வேண்டும். சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் இரும்பே இல்லாமல் கம்பி வழியாகச் செய்தி மட்டும் போகிற வண்டிகள் வந்துவிட்டன. அதில் அரைச் சுற்றிலேயே முழுதாகத் திரும்பிவிடலாம், அங்கே வேண்டுமானால் எந்த வடிவமும் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் ஜீப்புக்கு வேண்டாம். பாவம், அந்த அம்மா.

மேடவாக்கம் பேரன்

நேற்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐயா சொன்னது போலவே இருக்கிறது. கிளாம்பு இருக்கும் இடத்தில் பட்டாணி பட்டாணியாக வெல்டு, அதன் மேல் கறுப்பு பெயிண்ட். இரண்டு போல்ட்டில் ஒன்று இல்லை. அப்பாவிடம் கேட்டேன். 1980 வாக்கில் ஸ்டீயரிங் ஆடுகிறது என்று தாத்தா எங்கோ விட்டு எடுத்ததாக ஞாபகம் என்கிறார். அதற்குப் பிறகு பதினைந்து, இருபது ஆண்டு எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு திருச்சி வரை அதில்தான் போயிருக்கிறார். நான் முன் சீட்டில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டே வருவேன்.

தராசு வைத்தும் பார்த்தேன். எங்கள் தெருவில் வரும் பழைய பேப்பர்காரரிடமே வாங்கினேன். அவர் தராசை விட்டுப் போகாமல் கூடவே நின்று பார்த்தார். முள் 19 கிலோவுக்குப் போகிறது. ஐயா சொன்ன 13 எங்கே, இது எங்கே? 13 அங்குல ஆசை அத்தோடு போய்விட்டது. எதனால் இவ்வளவு கனம்?

பழைய பட்டறை

முதலில் வெல்டு. அதைச் சாணை பிடித்து எடுத்துவிட்டு அதே குழாயைத் திரும்பப் போடலாம் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள், சூடு பட்ட குழாய் நழுவாது. மேல் கீழ் இரண்டு குழாயும், கிளாம்பும் வேறு வாங்குங்கள். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் வைத்திருப்பவர்களும் இதே வகைக் கிளாம்ப் தேடுவார்கள், அந்த வழியில் விசாரித்தால் கிடைக்கும். கிளாம்பில் இரண்டு போல்ட்டோடு நடுவில் ஒரு சின்ன ஆலன் ஸ்குரூ இருக்கும், அதற்கு ஒரு லாக் நட்டு. மூன்றும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். அது மாறும் வரை வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டாம்.

19 கிலோவுக்கு வருகிறேன். டயரில் காற்று எவ்வளவு என்று பார்த்தீர்களா? பத்து ஆண்டு கிடந்த வண்டிக்கு டயரும் மாற்றினீர்களா, இல்லையா, எழுதவில்லை. அதைச் சரிசெய்த பிறகும் கனமாக இருந்தால் இரண்டு பக்கமும் ட்ரன்னியனைப் பாருங்கள், முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் இருக்கும் பித்தளைத் துண்டு அது. சக்கரம் திரும்பும்போது அந்தப் பித்தளைக்குள்தான் தண்டு மரை போலச் சுற்றுகிறது. அதில் எல்லாரும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே போகாது, காய்ந்து கல்லாகிவிடும், ஒரு நாள் சக்கரம் தனியாகப் படுத்துவிடும். அங்கே போக வேண்டியது 90 எண் கியர் ஆயில். பழைய கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி எடுத்து, கீழே கசிந்து வரும் வரை ஆயிலை ஏற்றுங்கள். பிறகு அந்தப் பேப்பர்காரரைத் திரும்பக் கூப்பிடுங்கள், முள் எங்கே நிற்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டும்.